பச்சைத் தண்ணீர் வந்த குழாய்

என் சித்திக்கு எங்கள் பகுதியில் 'ஓடை டீச்சர்' என்று பட்டப்பெயர். அவர் டீச்சர் இல்லை, குடிநீர் வாரிய ஊழியர். எங்களுக்குக் குடிநீர் தரும் ஏரிக்கு ஓடை வழியாகத்தான் தண்ணீர் போகிறது. அதில் கழிவு கலக்கக் கூடாது என்று தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பேசுவதுதான் அவர் வேலை. வீட்டிலும் வாய் ஓயாது. "மைக் ஒண்ணுதான் குறைச்சல்" என்பார் சித்தப்பா.

போன மாதக் கூட்டத்தில் சித்தி, யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் மழைநீர்க் குழாய் வழியாக ஓடைக்கு வருகிறது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தையல்கார அண்ணன் வீட்டுப் பக்கம்தான் நாறுது" என்றும் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரர் பாதியில் எழுந்து போனார். அதன்பிறகு பிள்ளைகள் அவர் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடின.

எந்த வீடு என்று கண்டுபிடிக்க, வாரியத்தில் குளியலறையில் பச்சைச் சாயம் ஊற்றி, ஓடையில் விழும் மழைநீர்க் குழாயில் பச்சை வருகிறதா என்று பார்ப்பார்கள். யாரும் சம்மதிக்கவில்லை.

"பயப்படாதீங்க, முதல்ல எங்க வீட்டுலயே ஊத்துறேன்" என்றார் சித்தி.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா திரியும் நான், பாதித் தெருவோடு ஓடைக்கரையில் நின்றேன். குழாயில் பச்சையாகத் தண்ணீர் வந்தது. மாடியில் குளியலறை கட்டிய கொத்தனார், அதை மழைநீர்க் குழாயோடு சேர்த்துவிட்டிருக்கிறார். சித்தி அதை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

"இப்ப எங்க வீட்டுலயும் ஊத்துங்க" என்றார் தையல்காரர். ஊற்றினோம். பச்சை வரவேயில்லை.

மறுநாள் சித்தி என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தையல் கடைக்குப் போனார்.

"அண்ணே, தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் மிஷினை நிறுத்தவில்லை. "இங்க கேக்க யாரும்மா இருக்கா? கூட்டத்துல சொன்னதைக் கூட்டத்துலயே வந்து மாத்திச் சொல்லு."

அந்த வேலையே வேண்டாம் என்று சித்தி வீட்டில் அழுதார்.

"விட்டுடு. ஆனா அவர் மேல நீ சொன்னது அப்படியே நிக்கும்" என்றார் சித்தப்பா.

அடுத்த கூட்டத்தில் சித்தி எழுந்தார். "நாறினது எங்க வீட்டுத் தண்ணி. அண்ணன் வீட்டுது இல்ல." குரல் மேசையைத் தாண்டவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கல" என்றார் தையல்காரர், கடைசி வரிசையிலிருந்து.

சித்தி இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னார்.