நகர்த்து சார் நிறுத்திய பக்கம்

நூலகத்தில் அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'நகர்த்து சார்'. பழைய செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிம் சுருளில் பார்க்கும் கீழ்த்தள அறைக்கு ராஜா, மந்திரி, துடைப்பம் பிடிப்பவர் எல்லாம் அவர்தான். யாராவது ஒரு பக்கத்தைத் திரையில் நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்டால் போதும், பாய்ந்து வருவார்.

"நகர்த்துங்க சார், நகர்த்துங்க! இது நகல் பிலிம். ஒரே இடத்துல விளக்கு பட்டுக்கிட்டே இருந்தா வெளுத்துடும்."

மூலச் சுருள்கள் புளித்த வாடை அடித்து, ஒட்டிக்கொண்டு, வீணாகி வெகுகாலம் ஆகிறது. அச்சான செய்தித்தாள்களையோ, இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போட்டுவிட்டார்கள் புண்ணியவான்கள். நகலை விட்டால் கதி இல்லை.

ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். மதியம் அறை காலியானதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சுருளை மாட்டுவார். நான்காம் பக்கத்தில் பள்ளிக் கால்பந்து அணியின் படம். கோப்பையைப் பிடித்துக்கொண்டு, காதுகள் விடைக்கச் சிரிப்பவன் அவர் மகன். அந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டான். வீட்டிலிருந்த படங்களை வெள்ளம் கொண்டுபோனது. மிச்சம் இது ஒன்றுதான். டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு சாப்பாட்டு நேரத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார்.

எத்தனையோ முறை கூப்பிட்டும் மனைவி மட்டும் வரவே இல்லை. "மெஷினுக்குள்ள என் பிள்ளையைப் பாக்க எனக்குத் தெம்பில்ல" என்றுவிடுவாள். போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அவன் மூக்கு எப்படி இருந்துச்சுன்னு மறந்துடுச்சுங்க" என்று அழுதாள். நூலகத்தில் வாங்கிய நாளிலிருந்து படுத்தே கிடந்த, சுருளைப் பிரதி எடுக்கும் ஸ்கேனரை அன்றைக்குத்தான் சரிசெய்திருந்தார்கள். "வா, பெருசா ஒரு பிரதி எடுத்துத் தரேன்" என்றார்.

வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

ஸ்கேனரில் சுருளை மாட்டினார். திரையில் நான்காம் பக்கம் நீராகாரம் போல் வெளுத்துக் கிடந்தது. கண்ணாடித் தட்டைத் துடைத்தார். பிலிமைத் திருப்பி மாட்டினார். பல்பை மாற்றினார். வெளிச்சத்தைக் குறைத்து, கறுப்பைக் கூட்டிப் பார்த்தார். ஒன்றுக்கும் மசியவில்லை. புது மெஷின் அல்லவா, அதன் கோளாறாகத்தான் இருக்கும் என்று மூன்றாம் பக்கத்துக்குப் போனார். எழுத்துகள் எறும்பு எறும்பாகத் தெளிவாக இருந்தன. ஐந்தாம் பக்கமும் அப்படியே.

அப்போது புரிந்தது. தினம் பார்த்த கண்ணுக்கு வெளுத்தது தெரியவில்லை. இல்லாத முகத்தை நினைப்பே வரைந்துகொண்டிருந்திருக்கிறது. தன் விரலே தன் கண்ணைக் குத்திவிட்டது.

"எங்கங்க இருக்கான்?"

தினம் பார்க்கும் பழைய ரீடரில் சுருளை மாட்டி, நான்காம் பக்கத்தில் கோப்பை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "இதோ, இங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மங்கலா இருக்கே. லைட்டைக் கொஞ்சம் கூட்டுங்களேன்."

விளக்கின் குமிழை முழுவதும் திருகினார்.

"ம்... காது மாதிரி ஏதோ தெரியுது. நகர்த்திடாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் பாக்கறேன்."

அவர் நகர்த்தவில்லை.