தூக்கிப் போட்ட ஓசை

மலைக்கோட்டைக்குக் கீழே சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறேன். பொன்மலையிலிருந்து ஸ்டெல்லா டீச்சர், இறந்துபோன தன் கணவர் பாடிய பதிவைப் பென் டிரைவில் கொண்டுவந்து, போனில் ஏற்றித் தரச் சொன்னார். இடம் மிச்சமாகட்டும் என்று எம்.பி.3 ஃபைலாகச் சுருக்கிக் கொடுத்தேன்.

மறுநாளே திரும்பி வந்தார். “பாட்டு இருக்குங்க. அவர் இல்லை.”

“சுருக்கும்போது காதுக்குக் கேக்காததைத்தான் எடுப்போம் டீச்சர். வித்தியாசம் யாருக்கும் தெரியாது” என்று சிரித்தேன்.

அவரைத் திரும்பி உட்காரச் சொல்லி, இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றிப் பத்து முறை போட்டேன். எது அசல் என்று பத்து முறையும் சரியாகச் சொன்னார். எனக்கோ இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

மனசு கேட்காமல், அசலிலிருந்து சுருக்கியதைக் கம்ப்யூட்டரில் கழித்து, நான் தூக்கிப் போட்டதை மட்டும் ஒலிக்கவிட்டேன். ராகமில்லை, சொல்லில்லை. தண்ணீருக்கடியிலிருந்து யாரோ முணுமுணுப்பதுபோல் ஒரு சத்தம்; நடுநடுவே மூச்சு.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். “இதாங்க அவர். கடைசி மாசம் இப்படித்தான் மூச்சு விட்டார். இதையும் ஏத்திக் குடுங்க.”

அந்த ஃபைலுக்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டேன். கணவரின் பெயரைச் சொன்னார்.

அன்று சிரித்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஒருவருக்கு எது கேட்கும், எது கேட்காது என்று இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை.