இன்னும் ஒருத்தர் வரணும்

மேரி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி என் போனுக்கு வந்தபோது, அவர் எங்கள் தெருவில் பேசிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்.

விளம்பர ஆட்டோ. மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர், பக்கவாட்டில் பிளெக்ஸ். "வாங்க வாங்க! நம்ம பழைய ரேஸ் பொட்டல்ல, புதுக்கோட்டையே அசந்துபோற வணிக வளாகம்…" என்று அவருடைய குரல் திருக்கோகர்ணத்துச் சந்துகளில் வளைந்து வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது. செய்தி அனுப்பியவன் என் வகுப்புத் தோழன் சதீஷ். நான் நம்பவில்லை. எங்கள் வாட்ஸப் குழுவில் வாரம் ஓர் ஆளைக் கொல்வது வழக்கம். கணக்கு சாரை மட்டும் பலமுறை அடக்கம் செய்திருக்கிறோம்; திங்கட்கிழமை உயிர்த்தெழுந்து வந்து டெஸ்ட் வைப்பார். அதனால், "பேசுற பொணத்தை இப்பத்தான்டா பாக்குறேன்" என்று பதில் போட்டேன். சதீஷ் சிரிப்புப் பொம்மை போடவில்லை. "தூக்கத்துலயேடா. ஹார்ட் அட்டாக். காலையிலதான் பாத்திருக்காங்க" என்று மட்டும் போட்டான்.

ஓடிப்போய் ஆட்டோவை மறித்தேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "என்ன தம்பி, கடை தொறக்க இன்னும் நாள் இருக்கு, இப்பவே ஓடியாறியே" என்றார். போனைக் காட்டினேன். படித்தார். கையை நீட்டி ஒரு பொத்தானை அமுக்கினார். அந்தக் குரல் ஒரு வார்த்தையின் பாதியில் நின்றது. தெருவில் குழாயடிச் சத்தமும் யார் வீட்டு மிக்சியோ ஓடுகிற சத்தமும் கேட்டன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்ல வந்ததை மேரி அக்கா பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை.

ரேஸ் பொட்டலுக்கு வந்து போனவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே, தைலமரக் காட்டுக்கு நடுவே, விமானம் இறங்குவதற்காக எந்தக் காலத்திலோ போட்ட தளம். விமானம் வராமல் போனபிறகு அதைச் சுற்றி வளைத்துப் பந்தயப் பாதை ஆக்கினார்கள். வெளியூர்களிலிருந்து கார்கள் லாரியேறி வந்து ஓடிய இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு பைக். எங்கள் காலத்துக்கு வரும்போது வெடித்த தாரும், வெடிப்பில் முளைத்த புல்லும், ஞாயிற்றுக்கிழமை மொபெட் ரேஸும்தான் மிச்சம். எனக்குத் தெரிந்து அங்கே ஒரே குரல் ஆரோக்கியமேரி அக்கா. வாரநாளில் ஊர்க் கடைகளின் தள்ளுபடியை எல்லாம் விளம்பரத்துக்காகப் பேசிக் கொடுப்பார். ஞாயிறு வந்தால் பொட்டலின் தகரக் கொட்டகையில் மைக் பிடிப்பார். அதனால் மைக் மேரி.

நான் அங்கே ஓட்டியது அப்பாவின் பால் வண்டி. இரண்டு பக்கமும் கேன் மாட்டும் கம்பியோடுதான் ஓட்டுவேன். எனவே நான் எந்த இடத்தில் வருவேன் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பள்ளியில் என் பட்டப்பெயர் வால். சேட்டைக்கு வைத்த பெயர் ரேஸிலும் பொருந்திப்போனது.

முதலில் வருகிறவனைப் பற்றி அக்கா இரண்டே வரி பேசுவார். வண்டிகள் வர வரப் பேச்சு நீளும். கடைசி ஆளுக்குத்தான் முழுக் கச்சேரி. "அந்தா, மூணாவது வளைவுல ஒரு புழுதி தெரியுது. புழுதிக்குள்ள ஒரு மொபெட் தெரியுது. மொபெட்டு மேல நம்ம வால் தெரியுறாரு! பால் வண்டி வருதுங்க, யாராச்சும் செம்பு எடுத்துக்கிட்டு வாங்க! தம்பி, அவசரமே இல்ல, பால் தயிரானாலும் பரவால்ல, பதனமா வா…" கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். நான் கோட்டைத் தாண்டும்போது கிடைக்கும் கைத்தட்டல் ஜெயித்தவனுக்குக் கிடைத்ததே இல்லை. இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு சதீஷும் மெதுவாக ஓட்ட ஆரம்பித்தான். ஒரு ஞாயிறு நாங்கள் இருவரும் கடைசி இடத்துக்குப் போட்டி போட்டு, உருட்டி உருட்டி, இரண்டு பேருமே வண்டியோடு சாய்ந்தோம். அக்கா மைக்கிலேயே திட்டினார்: "எடுபட்ட பயலுகளா, தோக்குறதுலயுமாடா போட்டி?"

ஒரு தடவை கேட்டேன். "ஏங்க்கா, ஜெயிச்சவன் கப்போட நிக்கிறான். கடைசியா வாறவனுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்பு?"

"ஜெயிச்சவனுக்குக் கப்பு இருக்கு. கடைசியா வாறவனுக்கு நான்தாண்டா இருக்கேன்" என்றார். அதோடு விட்டிருப்பார். நான்தான் வாய் சும்மா இல்லாமல், "பெரிய மனசுதான் ஒங்களுக்கு" என்று கிண்டலடித்தேன். மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"எங்கண்ணன் அந்தோணி இங்கதான் பைக் ஓட்டுச்சு. ஒரு ஞாயித்துக்கெழம, மொதல் ஆளு வந்தான், மாலை போட்டாங்க, கப்பு குடுத்தாங்க, மைக்க அணைச்சிட்டாங்க. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. நான் வீட்டுல சோத்த மூடி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். எங்கண்ணன் மூணாவது வளைவுல மரத்துக்குள்ள கெடந்திருக்கு. உசுரோடதான் கெடந்திருக்கு. இன்னும் ஒருத்தர் வரணுமேன்னு யாருக்கும் தோணல."

வயரின் மறுமுனையைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். ஒவ்வொரு ரேஸிலும், கூட்டம் கலையத் தொடங்கும் நேரத்தில், "இருங்க, இன்னும் ஒருத்தர் வரணும்" என்று அவர் சொல்வதில் கொஞ்சமும் விளையாட்டு இருக்காது.

பிறகு பொட்டல் விலைபோனது. பாதையைச் சுற்றி நீலத் தகரம் அடித்தார்கள். கடைகள், தியேட்டர், ஃபுட் கோர்ட் எல்லாம் வருமாம். "கேஸ் போட்டா அந்தக் கோர்ட்டுலதான் விசாரிப்பாங்க போல" என்று சதீஷ் சொன்னான். சுற்றிச் சுற்றி ஓடிய இடத்துக்கு ஏதோ 'ஸ்கொயர்' என்று பெயர் வைத்தார்கள். மூன்றாவது வளைவு இருக்கும் இடம் கார் நிறுத்தமாம். வளைவையே வளைத்துப் போட்டுவிட்டார்கள். நாங்கள் இப்படியெல்லாம் பேசிச் சிரித்தோம். வேறென்ன செய்ய முடியும் எங்களால்?

அந்த வளாகத்தின் மேனேஜர் அக்காவைத் தேடிக்கொண்டு வந்தார். ஊருக்கே தெரிந்த குரல், விளம்பரத்தை நீங்கள்தான் பேச வேண்டும் என்றார். அக்கா இரண்டு நிபந்தனை வைத்தார். ஒன்று, கடைசியாக ஒரு ரேஸ். அதன் கடைசி வண்டி வரும்வரை வாசல் கதவைப் பூட்டக் கூடாது. இன்னொன்று, விளம்பரத்தில் 'பழைய ரேஸ் பொட்டல்' என்ற பெயர் வர வேண்டும். மேனேஜர் இரண்டுக்கும் தலையாட்டினார். ஊர் ஆட்டவில்லை. பொட்டலில் பிழைத்தவளே பொட்டலை விற்கக் கூவுகிறாள் என்று நம்மில் சிலர் அவர் காதுபடவே பேசினோம். "நான் பேசலைன்னா வேற ஒருத்தி பேசுவா" என்றார் அக்கா. "அவ அந்தப் பேரைச் சொல்ல மாட்டா." அவ்வளவுதான். அதற்கு மேல் யாரிடமும் அவர் விளக்கம் சொல்லவில்லை.

அந்தக் கடைசி ரேஸ் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆலங்குடியிலிருந்தும் கீரனூரிலிருந்தும் பழைய ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மேனேஜர் புதுப் பூட்டோடு வாசலில் நின்றார். தகரத்துக்கு அந்தப் பக்கம் பொக்லைன் நின்றது.

திட்டம் என்னுடையது. கடைசி வண்டி கோட்டைத் தாண்டினால்தான் ரேஸ் முடியும். ரேஸ் முடிந்தால்தான் கதவைப் பூட்டலாம். அப்படியானால் யாருமே தாண்டாவிட்டால்? முந்தின நாளே எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தேன். முதலில் வந்தவர் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் அடித்தார். அடுத்தவர் அவர் பக்கத்தில். வண்டிகள் வந்து வந்து வரிசையாக நின்றன. கடைசியாக நானும் பால் வண்டியும். இன்ஜின்கள் எல்லாம் அணைந்தன. முதலில் சிரித்த மேனேஜர் கொஞ்ச நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த சேட்டை அதுதான் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அக்காவின் குரல். "என்னடா இது?"

"தாண்டுனா முடிஞ்சிரும்க்கா!" என்று கத்தினேன். "நாங்க இப்படியே நிக்கிறோம். எத்தன நாளானாலும் நிக்கிறோம்."

"இது ரேஸ் இல்லடா, மறியல்" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "எனக்காக நிக்கிறீங்கன்னு தெரியுது. ஆனா கோட்டுக்கு அங்கிட்டு நிக்கிறவன் எனக்கு வராதவன்டா. வராதவங்க எனக்கு ஒருத்தர் போதும். எல்லாரும் வாங்க."

யாரும் அசையவில்லை. அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பட்டப்பெயர், ஊர்ப்பெயர், அந்த ஆள் எந்த ரேஸில் எங்கே விழுந்து எந்தக் கையை ஒடித்துக்கொண்டார் என்பது உட்பட எல்லாம் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள். மீசை வைத்த பெரிய ஆட்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டே தள்ளினார்கள். நான் ஒருவன்தான் பாக்கி. "நம்ம வால் தெரியுறாரு" என்றார். செம்பு, தயிர் எதுவும் சொல்லவில்லை. "வா தம்பி." தள்ளிக்கொண்டு போனேன். கேன் கம்பி கடகடவென்று ஆடிய சத்தம் பொட்டல் முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சு" என்றார். ஆனால் மைக்கை அணைக்கவில்லை. மூன்றாவது வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் ஒருத்தர் வரணும்" என்று அவர் சொன்னபோது யாரும் திரும்பி ஆள் எண்ணவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "அந்தோணியண்ணே, கேட்டப் பூட்டப் போறாங்க. வாண்ணே."

அத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அவர் மைக்கில் சொன்னது அந்த ஒரு தடவைதான். மேனேஜர் பூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தலை குனிந்தார். தைலமரங்கள் மட்டும் சலசலத்தன. ஓர் ஆள் ஒரு சுற்று வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அக்கா காத்திருந்தார். பிறகு அவரே மைக்கை அணைத்தார். கதவை இழுத்துச் சாத்தும்போது மேனேஜருக்கு ஒரு கை கொடுத்தார். அந்தப் பக்கம் கதவு கொஞ்சம் இறங்கியிருக்கும், தூக்கிச் சாத்த வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆவூர்ப் பக்கம் அவருடைய ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். நாம் எல்லோரும் வண்டியில் பின்தொடர்ந்து போனோம். ஒருவரும் ஒருவரை முந்தவில்லை. மண் போட்டு முடிந்து எல்லோரும் கலையும்போது பாதைக் கோடியில் புழுதி தெரிந்தது. விளம்பர ஆட்டோ. ஸ்பீக்கரை அணைத்து, பிளெக்ஸை மடித்து வைத்திருந்தார் ஓட்டுநர். வழியில் டயர் போய்விட்டதாம். "முடிஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்டார். "இல்லண்ணே, வாங்க" என்று கல்லறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தவர் என்னிடம், "அந்த விளம்பரம் இன்னும் கொஞ்ச நாள் ஓடணும். கேக்க ஒரு மாதிரியா இருக்கும். ஆனா நிறுத்திட்டா அந்தக் குரலும் போயிரும்ல" என்றார். ஆட்டோ இன்னமும் தெருவில் வருகிறது. வரும்போது நான் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன். போன பிறகு தொடர்வேன்.

கடைசியாக வந்தவன் நீதான், நீயே எழுது என்று ரேஸ் நண்பர்கள் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன். அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்தேன். அவர் குரல் எனக்கு வராது. மைக்கும் வாடகைக்கு எடுத்தது, கடைக்கே திரும்பிப்போய்விட்டது.

சென்ற வாரம் எங்கள் வகுப்பை நார்த்தாமலைக்கு அழைத்துப்போனார்கள். மேலே கோயில் பார்த்துவிட்டு இறங்கி பஸ் ஏறினோம். "எல்லாரும் ஏறியாச்சா?" என்றார் கணக்கு சார். "ஏறியாச்சு சார்" என்று மொத்த பஸ்ஸும் கத்தியது. பஸ் நகர்ந்தது. என் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. நான் எழுந்து, "சார், இன்னும் ஒருத்தர் வரணும்" என்றேன். பஸ் சிரித்தது. "வால், ஒன் சேட்டைய வீட்டுல வச்சுக்க. உக்காரு." என்னைப் போன்றவன் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? படியில் போய் நின்றுகொண்டேன். ஓட்டுநருக்கு வேறு வழியில்லாமல் நிறுத்த வேண்டியதாயிற்று. சார் திட்டிக்கொண்டே என் கூட இறங்கி வந்தார்.

சதீஷ் பாதி மலையில், பாறைச் சரிவில், கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருந்தான். போனில் சிக்னல் இல்லை. "கத்திக் கத்திப் பாத்தேன்டா. பஸ் நகர்றது இங்கிருந்தே தெரிஞ்சுச்சு" என்றான். அழுதிருக்கிறான். அதை வைத்துக் கேலி செய்ய எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. அவன் கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் சார், ஒரு பக்கம் நான், தாங்கிக்கொண்டு வந்தோம். படியில் ஏற்றிவிட்டு, பஸ்ஸைப் பார்த்துச் சொன்னேன்: "எல்லாரும் வந்தாச்சு."

அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும் உரிமை ஒருவருக்கு எப்போது வருகிறது என்பதுதான் மேரி அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. சதீஷ் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.