தட்டிட்டான்

முட்டி வலிக்கு வழி தேடப் போய்த்தான் நான் இந்த வம்பில் மாட்டினேன். வேங்கிக்காலில் எங்கள் ஆபீஸ் மாடியை ஏறி இறங்கியே வலது முட்டி போயிருந்தது. போனில் பயிற்சி தேடினால், ஒருவன் இன்னொருவன் காலைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொண்டு திருகுகிற வீடியோ வந்தது. பிசியோதெரபி என்று நினைத்து முழுசாகப் பார்த்தேன். என்ன அக்கறையாகச் செய்கிறான் என்றுகூடத் தோன்றியது. கீழே கிடந்தவன் படபடவென்று தரையைத் தட்டினான். மேலே இருந்தவன் சட்டென்று விட்டுவிட்டான். இரண்டு பேரும் எழுந்து கட்டிக்கொண்டார்கள். அது வைத்தியம் இல்லை, சண்டை என்று தெரிவதற்குள் அடுத்த வீடியோ ஓட ஆரம்பித்துவிட்டது.

மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ். குத்து, உதை, குஸ்தி, கை கால் பூட்டு எல்லாம் ஒரே கூண்டுக்குள். நாற்பதைத் தாண்டிய, பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிற ஒரு அரசு ஊழியருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். அங்கே முடியவில்லை என்றால் தட்டிவிட்டால் போதும், எதிராளி உடனே விட்டுவிடுவான். எங்கள் ஆபீசில் அப்படி ஒரு வசதி கிடையாது.

அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு ஞாயிறு காலை வரும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். ஞாயிறு பார்த்ததைத் திங்கட்கிழமை பேச ஒரு ஆள் வேண்டாமா? பக்கத்து சீட் அக்காவிடம் ஒருமுறை ஆசையாக ஆரம்பித்தேன்.

"அய்ய, அதெல்லாம் டூப்பு. சேர் எடுத்து மண்டையில அடிப்பானுங்களே, அதானே?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். சேரும் இல்லை, டூப்பும் இல்லை என்று சாப்பாட்டு நேரம் முழுக்க விளக்கினேன். கடைசியில் அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, குரலைத் தணித்து, "வூட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்று கேட்டார். அன்றோடு ஆபீசில் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் கதை வேறு. பைப், குழாய் சாமான் விற்கிற கடை வைத்திருக்கிறார். எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரிப்பது அவர் வேலை. நான் போனும் கையுமாக உட்கார்ந்தால் பக்கத்திலேயே முறத்தை வைத்துக்கொண்டு, மூஞ்சியை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். "இந்த ரத்தத்த பாத்துட்டு எப்படித்தான் உனக்கு இட்லி எறங்குதோ" என்பார்.

எனக்குப் பிடித்த வீரர் ஒருவர் உண்டு. மொட்டைத் தலை, சிரிக்காத முகம், வயதும் ஆகிவிட்டது. ஒரு ஞாயிறு அவர் கையை எதிராளி பூட்டிப் பிடிக்க, வலி தாங்காமல் தட்டிவிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தட்டிட்டான்ங்க" என்றேன். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு டப்பா ஜாங்கிரி.

"இன்னாத்துக்கு இது?"

"நீதானே தட்டிட்டான்னு சொன்ன? கப்பு தட்டிட்டான்னு சந்தோஷத்துல அழுவுறேன்னு நெனச்சேன்."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நம் ஊரில் பரிசைத் தட்டிச் சென்றார் என்றால் ஜெயித்தார் என்றுதானே அர்த்தம்? கூண்டுக்குள் தட்டினால் தோற்றான் என்று அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டே ஜாங்கிரியைத் தின்றேன். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஒரு ஏக்கம். விளக்கம் சொல்லாமல் பேச ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது.

போன வருஷம் அந்த மொட்டைத் தலைக்குக் கடைசியாக சாம்பியன் பட்டத்துக்கு ஒரு சண்டை அமைந்தது. தேதியைப் பார்த்தேன். பௌர்ணமிக்கு மறுநாள் காலை! பௌர்ணமி கிரிவலம் என்றால் எங்கள் ஊரில் ஜனம் மட்டுமா சேரும், அத்தனை பேர் போனும் சேரும். நெட் சுத்தமாகப் படுத்துவிடும். அன்றும் காலையில் போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர படம் வரவில்லை. "ஆசிரமத்துப் பக்கம் காபி கடையில வைஃபை இருக்குமே, போய்ட்டு வா. கொழம்ப நான் பாத்துக்கறேன்" என்றார் வீட்டுக்காரர்.

செங்கம் ரோட்டில் இன்னும் கிரிவலக் கூட்டம் குறையவில்லை. எல்லோரும் வெறுங்காலில் நடக்க, நான் மட்டும் செருப்போடு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியில் ஒரு அம்மாள், "இவ்ளோ வேகமா சுத்தக் கூடாதும்மா" என்று கண்டித்தார்.

கடையில் ஒரே ஒரு மேஜையில் இடம் இருந்தது. எதிரே ஒரு வெள்ளைக்காரர், தாடி, காவி வேட்டி. உட்கார்ந்த பிறகுதான் அவர் காதைப் பார்த்தேன். மடங்கிச் சுருங்கிக் காலிஃப்ளவர் மாதிரி இருந்தது. பாயில் வருஷக்கணக்கில் உருண்டு புரண்டு குஸ்தி போட்டவர்களுக்குத்தான் அப்படி ஆகும். அண்ணாமலையாரே, கடைசியில் ஒரு ஆளை அனுப்பிவிட்டீர்கள் என்று வாயைத் திறக்கப் போனேன். அவர் கழுத்தில் தொங்கிய அட்டை கண்ணில் பட்டது. 'மௌனம்' என்று எழுதியிருந்தது.

அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அவர் மேஜையை விரலால் லேசாகத் தட்டினார். கடைக்காரர் டீ கொண்டுவந்து வைத்து, "அவரு பேச மாட்டாருக்கா. தட்டுனா டீ, அவ்ளோதான்" என்றார்.

சண்டை ஆரம்பித்தது. சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் நாற்காலி என் பக்கம் நகர்ந்தது. மொட்டைத் தலை ஒரு குத்து விட்டபோது இருவரும் ஒன்றாகத் தலையாட்டினோம். கீழே விழுந்தபோது இருவரும் ஒன்றாகப் பல்லைக் கடித்தோம். ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை காலம் நான் கேட்டது இதைத்தான்.

கடைசிச் சுற்றில் எதிராளியின் கை மொட்டைத் தலையின் கழுத்துக்கு அடியில் நுழைந்தது. காவி வேட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் என்னையும் மறந்து, "தட்டாத! தட்டாதப்பா!" என்று கத்திவிட்டேன். கடையில் கண்மூடித் தியானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கண்ணைத் திறந்தார்கள். மொட்டைத் தலை தட்டினார். அதே நேரம் பக்கத்தில் இருந்தவர் விரலும் மேஜையைத் தட்டியது. எனக்கு அழுகை முட்டியது. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கடைக்காரர் ஓடிவந்து இரண்டு டீ வைத்துவிட்டுப் போனார். ஆறும்வரை உட்கார்ந்திருந்து குடித்தோம். பிறகு அவர் கைகூப்பினார், நானும் கூப்பினேன்.

திரும்பி நடக்கும்போது மனசு நிறைந்தும் இருந்தது, வெறுமையாகவும் இருந்தது. நிறைந்த மனசைக் கொட்ட மறுபடி ஆள் இல்லை. வீட்டுக்காரர் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்தார். என் மூஞ்சியைப் பார்த்தார்.

"தட்டிட்டானா?" என்றார்.

"தட்டிட்டான்ங்க."

இந்தமுறை அவர் சட்டையைத் தேடவில்லை.

"கழுத்தா, காலா?"

செருப்பைக் கழற்றப் போனவள் அப்படியே நிமிர்ந்தேன். "கழுத்து" என்றேன்.

"நான் கால்ல புடிப்பான்னு நெனச்சேன். போன சண்டையிலயே நம்மாளு இடது கால இழுத்து இழுத்துதானே நடந்தான்" என்று சொல்லிக்கொண்டே, குழம்பு அடிப்பிடிக்கிற வாசனைக்கு உள்ளே ஓடினார்.