என் மகளுக்கு நான் நிறுத்திய மாத்திரை

என் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்தியவன் நான். நிறுத்தவே கூடாதென்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு அவள் முகம் மெலிந்து தெரிய வேண்டும் என்பதற்காக நிறுத்தினேன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

நெட்டப்பாக்கம் பக்கம் எங்கள் ஊர். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல், என் சம்பளம். ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவளுக்குக் காலையில் விரல்கள் மடங்காமல் போயின. தலை பின்னிக்கொள்ள முடியாமல் அம்மாவின் முன்னால் வந்து உட்காருவாள். "இருவது வயசுல கெழவியாட்டம் பண்றியேடி" என்று கேலி செய்தபடியே என் மனைவி பின்னிவிடுவாள். வழக்கமாகப் போகும் டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். ரத்தம் குறைவாகத்தான் இருந்தது.

பங்குனியில் காய்ச்சல் வந்தது. மூக்கின் மேலும் இரண்டு கன்னங்களிலும் சிவப்புப் படர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தா வந்துகீறா. ஆசுபத்திரி, ஊசின்னு எங்கயும் தூக்கினு ஓடாதீங்க" என்றாள். நிலைப்படியில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினோம். அம்மை என்றால் கொப்புளம் எழும்பும், நீர் கோக்கும். இவளுக்கு இருந்தது வெறும் சிவப்பு. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. வீட்டுப் பெண்களோடு எதற்கு வாக்குவாதம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றியும் சிவப்பு போகவில்லை. பிறகு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அம்மை கண்ட உடம்பு, அப்படித்தான் என்றார்கள். வாயில் புண் வந்தது. சூடு என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு காரணம் தயாராக இருந்ததால், எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

கடைசியில் புதுச்சேரியில் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் மாணவிகளில் ஒருத்தி வயதிருக்கும் ஒரு பெண் டாக்டர், என் மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெயில்ல போனா முகம் எரியுதாம்மா? வாயில புண் வருதா? காலையில விரல் விறைக்குதா? யூரின் நுரையா போகுதா?" ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தவள் அழுதுவிட்டாள். அதுவரை யாரும் அவளிடம் இத்தனை கேள்விகள் கேட்டதில்லை.

ரத்தப் பரிசோதனைகளுக்குப் பிறகு லூபஸ் என்றார். நோயிலிருந்து காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறது, மூட்டையும் தோலையும் தொட்டது சிறுநீரகத்தையும் தொடும், அடக்கி வைக்கலாம், வெயில் ஆகாது என்று பொறுமையாக விளக்கினார். கிளம்பும்போது, "இந்தச் சின்ன மாத்திரைய மட்டும் எங்களக் கேக்காம நிறுத்திடாதீங்க சார்" என்றார்.

ஆறே மாதத்தில் என் மகள் தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். ஆனால் முகம் உருண்டுவிட்டது. அந்த மாத்திரை சாப்பிட்டால் அப்படி ஆகும்.

அப்போதுதான் வில்லியனூரிலிருந்து அந்த வரன் வந்தது. பையனுக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை. அப்பா இல்லை, அம்மாதான் கொஞ்சம் நிலம் வைத்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார். தரகரிடம் நான் கொடுத்திருந்தது நோய்க்கு முந்தைய போட்டோ. நேரில் பார்த்தால் வேறு பெண்ணோ என்று நினைப்பார்கள். விஷயம் தெரிந்தால் இந்த வரன் மட்டுமல்ல, எந்த வரனும் வராது என்று பயந்தேன்.

"ரெண்டே மாசம். அப்புறம் ஆரம்பிச்சிக்கலாம்" என்றேன்.

"நிறுத்தினா வலிக்குமேப்பா."

"நான் பாத்துக்கிறேன்."

பெண் பார்க்க வந்த அன்று, வலி தெரியாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்துத்தான் அவளைக் காபித் தட்டைத் தூக்க வைத்தேன். முகம் வடிந்திருந்தது. பையனின் அம்மாவுக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. "இன்னாம்மா, வாயே தொறக்க மாட்டன்ற? எனக்கு வூட்ல சண்ட போட ஆளு வோணும். எம் புள்ள ஒரு ஊமக் கோட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். வாயில் புண் இருந்ததால் உதட்டைத் திறக்காமல் சிரித்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி, அட்டையிலிருந்து பிரித்து, சத்து மாத்திரை டப்பாவில் போட்டு மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டால் சுண்ணாம்புச் சத்துக்கு என்று சொல்லச் சொன்னேன். பக்கத்தில் ஆள் இருக்கும்போது சாப்பிட முடியாமல் பாதி நாள் விட்டுவிடுவாள். அந்த வீட்டு மொட்டை மாடியில் மல்லாட்டை காய வைப்பார்கள். கிளறிவிடுவதும் காக்கை ஓட்டுவதும் மருமகள் வேலை. முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை அவள் சொல்லக் கூடாதென்று நான் சொல்லி வைத்திருந்தேன். அவள் வெயிலில் நின்றாள்.

உண்டானாள். ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்கும் லூபஸ் விஷயம் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்திருந்தேன். அடுத்த முறை நான் போனபோது அவள் கால்கள் வீங்கியிருந்தன. கொலுசைக் கழற்றி வைத்திருந்தாள்.

அன்று இரவெல்லாம் யோசித்துவிட்டு மறுநாள் காலையில் மறுபடி வில்லியனூருக்குப் பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். சம்பந்தியம்மா முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயர், பழைய போட்டோ, நிறுத்திய மாத்திரை, டப்பா மாற்றியது, ஒன்றையும் விடவில்லை. திட்டுவார்கள், பெண்ணைக் கூட்டிக்கொண்டு போ என்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அந்த அம்மாள் முறத்தைத் தள்ளி வைத்தார்.

"அண்ணே, நான் கைநாட்டு. நீ படிச்சவன். அந்தப் பொண்ண ஒரு வருசமா மொட்ட மாடியில நிக்க வச்சேனே நானு. சோம்பேறின்னு ஊரெல்லாம் சொன்னேனே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நெழல்ல உக்கார வச்சிருக்க மாட்டனா? எங்கையால இல்ல பண்ண வச்சிட்ட?"

மருமகன் உள்ளே போய், "பழைய சீட்டெல்லாம் எங்க?" என்று அவளைக் கேட்டான். அன்றே புதுச்சேரி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் காட்டி, அவளை அட்மிட் செய்தான்.

வார்டில் இரண்டாம் நாள் நான் அவள் பக்கத்தில் தனியாக இருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டதில் எனக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. அவளும் ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் சொல்லி முடிச்சிட்டீங்க" என்றாள். "அவர்கிட்ட நானே சொல்லணும்னு இருந்தேம்ப்பா. குழந்த போன அன்னிலேர்ந்து, எப்படிச் சொல்றதுன்னு தினம் மனசுக்குள்ள பேசிப் பாத்துனு இருந்தேன். மாத்திரைய நிறுத்தறதுக்கும் என்னைக் கேக்கல. இதுக்கும் கேக்கல."

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகங்கள் முழுதாகப் போகவில்லை, முழுதாகத் தேறவும் இல்லை. குழந்தையைப் பற்றி இப்போதைக்கு நினைக்க வேண்டாம் என்றார் டாக்டர். சம்பந்தியம்மா மாடிக்குப் போகும் கதவைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். மாமியாரும் மருமகளும் நன்றாகச் சண்டை போடுகிறார்கள் என்று என் மனைவி சொல்கிறாள். பொங்கலுக்கு வந்தால் மகள் அம்மாவோடு சமையலறையில் மணிக்கணக்காகப் பேசுவாள். என்னிடம், "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன்.

போன மாதம் அவளுக்குப் பரிசோதனை நாள். நான் கேட்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. முந்தின நாளே போன் செய்து, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்ப்பா" என்றாள்.

சரி என்று வைத்துவிட்டேன். மறுநாள் முழுக்க வீட்டிலேயே இருந்தேன். சாயங்காலம் மருமகன் போனில் கூப்பிட்டு, சிறுநீரில் புரதம் போவது இன்னும் குறையவில்லை, மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள் என்றான்.