கட்டைவிரலில் கட்டிய நூல்

மேட்டூர் அணை கட்டி முடித்த புதிதில் அதைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே காதோரம் நரைத்த ஒருவர், தன் தம்பியின் கால் கட்டைவிரலில் முறுக்கிய நூலைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்தபடி தலை குனிந்து கூடவே நடந்தார். ஜலகண்டாபுரத்து நெசவாளி என்று பிறகு சொன்னார். தம்பி அந்தக் காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் நூலை மேலே இழுத்தார். தொங்கிய பாதம் நிமிர்ந்தது. கன்றுக்குட்டியைப் பிடித்துப் போவதுபோல் மனிதனைக் கூட்டிப்போகிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. கேட்டேவிட்டேன்.

“காய்ச்சலுக்கு இடுப்புல ஊசி போட்டாங்க. அதுல நரம்பு போயிருச்சுங்க. தூக்கி விடலைன்னா பாதம் தரையில இழுக்குமுங்க.”

“நூலை அவரே பிடித்துக்கொள்ளலாமே?”

“பிடிப்பானுங்க. அப்பறம் பாதத்தையே பாத்துக்கிட்டு நடப்பான். அணையப் பாக்க வந்துட்டு அதெதுக்குங்க?”

தம்பி நிமிர்ந்து நடந்தார். “தண்ணி அக்கரையே தெரியாமக் கெடக்குது பாருண்ணா.”

“பாத்தேஞ் சாமி” என்றார் அண்ணன், பாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர்கள் அணையின் கோடிவரை போய்த் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் ஒரு தரமும் நிமிரவில்லை. அணை எப்படி இருந்தது என்று ஊரில் கேட்டவர்களுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.