முன் தண்டும் கனடா மச்சானும்

ஈரத்துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, அதன்மேல் சப்பரத்தின் தண்டு இறங்கும்போது 'கிறீச்'சென்று ஒரு சத்தம் வரும்... கூடவே மல்லிகைப்பூ, சாம்பிராணி, புது வார்னிஷ், பக்கத்தில் நிற்பவனின் வியர்வை எல்லாம் கலந்து ஒரு வாசனை. நண்பர்களே, உலகத்து சென்ட் கம்பெனிகள் அத்தனையும் ஒன்றுகூடினாலும் அதைப் பாட்டிலில் அடைக்க முடியாது.

கடலூர் முதுநகரில் எங்கள் கோயில் திருவிழா. அந்தோணியார் சப்பரத்தைத் தோளில் தூக்கி ஊரைச் சுற்றுவோம். அதில் முன் வலது தண்டு என்பது லேசுப்பட்ட இடமா? ஜனாதிபதி நாற்காலியெல்லாம் அதற்கு அப்புறம்தான். மாடியிலிருந்து பூ தூவினால் முதலில் அவன் தலையில்தான் விழும். போட்டோவில் அவன் முகம்தான்.

அந்த இடம் சவரி மச்சானுக்கு. என் அத்தை மகன், பனைமர உயரம். எனக்குப் பின் இடது தண்டு. எந்தப் போட்டோவிலும் என் முகம் கிடையாது. ஒன்றில் மட்டும் என் காது தெரிகிறது... வேண்டுமானால் வட்டம் போட்டு அனுப்புகிறேன்.

பிறகு சவரிக்குக் கனடா போக வழி கிடைத்தது. அத்தை அழுத அழுகையில் காய்ந்து கிடந்த கெடிலம் ஆற்றில் வெள்ளம் வந்தது. நானும் அழுதேன். ஆனால் உள்ளுக்குள் பேண்டு வாத்தியம்... இனி முன் தண்டு நமக்கு!

நானும் குடிபெயர்ந்தவன்தான். சிதம்பரத்துக்கு. அங்கே ஃபேன், மிக்ஸி விற்கும் கடையில் சேல்ஸ்மேன். வழியில் பு.முட்லூரில் யாரும் விசா கேட்கவில்லை.

ஆனால் எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் முன் தண்டு அவருக்குத்தான். சவரி முதல் லீவில் வந்த வருஷம், நான் துண்டைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றிருந்தேன். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை வந்தார்.

"தம்பி, கொஞ்சம் பின்னாடி போப்பா. கனடாலேர்ந்து வந்திருக்காரு."

"நானுந்தான் வெளியூர்லேர்ந்து வரேன்ணே!"

"எது, சிதம்பரமா? போடா டேய்... காலைல குளிச்சிட்டுக் கிளம்பினா தலை காயறதுக்குள்ள வந்து சேர்ந்துடுவ."

போனேன். பின் இடது.

அதற்குப் பிறகு அத்தை வீட்டு ஓடு போய் கான்கிரீட் வந்தது. கான்கிரீட் மேல் மாடி வந்தது. சவரியின் தங்கைக்கு ஊர் வாயைப் பிளக்கும்படி கல்யாணம். கோயிலுக்கு அவன் வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கரில் ஜெபமாலை சொன்னால் பெண்ணாடத்தில் இருப்பவன் 'ஆமென்' சொல்வான். என் வயிற்றில் எரிந்த நெருப்பைக் கொண்டு நெய்வேலிக்குப் போட்டியாகக் கரண்ட் எடுத்திருக்கலாம்.

அத்தை வேறு சும்மா இருக்காது.

"எம்புள்ள அனுப்பின மிக்ஸிடா. நீ விக்கிறியே, அந்த மாதிரி கத்தாது."

அந்த அத்தை ஒரு மழைக்காலத்தில் தவறிவிட்டது.

சவரிக்கு அப்போது அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான பேப்பர் பாதியில் நின்றிருந்தது. நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடாமல் போய்விடுவார்களோ என்ற பயம். பெண்டாட்டி, பிள்ளைகள், வேலை எல்லாம் அங்கே.

"வர முடியல மச்சான்... முன்னாடி நீ நில்லு," என்றான் போனில்.

பெட்டியின் முன் வலது பக்கம், மகன் தோள் கொடுக்க வேண்டிய இடத்தில், நான் கொடுத்தேன். யாரோ வீடியோ காலில் அவனுக்குக் காட்டிக்கொண்டே வந்தார்கள். பாதித் தூரம் சிக்னல் இல்லை.

பேப்பர் கைக்கு வந்து, போன வருஷம் திருவிழாவுக்கு வந்தான். வழக்கப்படி முன் தண்டு அவனுக்கு. அத்தை வீட்டு வாசலில் சப்பரத்தை இறக்கி வைத்து ஃபாதர் ஜெபம் சொன்னார். சவரி மெதுவாகப் பின்னால் என்னிடம் வந்தான்.

"மச்சான்... அம்மா வெயிட்டா இருந்தாங்களா?"

எறும்பு கடித்ததை யானை மிதித்ததாகச் சொல்லும் வாய் இது. அன்றைக்கு உள்ளதை மட்டும்தான் சொன்னது.

"இருந்தாங்கடா. ரெண்டு மூணு நாளு தோளு வலிச்சிது."

என் வலது தோளையே பார்த்தான். விட்டால் கழற்றிப் பெட்டியில் வைத்து கனடாவுக்கு எடுத்துப் போய்விடுவான் போலிருந்தது.

"குடுத்து வச்சவன்டா நீ. எனக்கு வீடு இருக்கு, காரு இருக்கு, புள்ளைங்க நல்லாப் படிக்கிதுங்க. அங்க போனதுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா அந்த வலி உனக்குல்ல வந்திச்சி..."

இத்தனை காலம் நான் ஒண்டியாக நடத்திவந்த பொறாமைக் கம்பெனிக்கு அன்றைக்கு ஒரு பார்ட்னர் சேர்ந்தான்.

இந்த வருஷம் சவரி வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வேறு யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. முன் வலது தண்டு எனக்கே எனக்கு. ஆனால் எங்கள் பங்கு இளவட்டங்கள் பாதிப் பேர் துபாயிலும் சிங்கப்பூரிலும். மற்ற தண்டுகளுக்குத் தோள் தேடி கோயில்பிள்ளை தெருத்தெருவாக அலைந்தார். அந்தக் காலத்தில் ஒரு தண்டுக்கு நான்கு பேர் அடித்துக்கொள்வோம்... இப்போது அடுத்த தெருப் பிள்ளைகள் விபூதி நெற்றியோடு வந்து கைகொடுத்ததால் அந்தோணியார் ஊர் சுற்றினார்.

என் மகனும் கனடாவுக்குக் கிளம்புகிறான். "மாமா அங்க பாத்துக்குறேன்னு சொல்லிட்டாருப்பா," என்கிறான். போகட்டும். அத்தை வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டவன் நான், வேண்டாம் என்றா சொல்வேன்?

இப்போதெல்லாம் எனக்குச் சவரியைப் பார்த்துப் பொறாமை இல்லை. அத்தையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அதற்குத் தோள் கொடுக்க நான் இருந்தேன்.

எனக்கு எந்தத் தெருப் பிள்ளை வருவானோ, தெரியவில்லை. யாராக இருந்தாலும் சிரமப்படக் கூடாது என்று, ராத்திரி சோற்றை நிறுத்தி இட்லியோடு முடித்துக்கொள்கிறேன்.